பாட்ஸி கிளைன்: முதலில் வாங்க வேண்டிய தொகுப்பு எது?

பாட்ஸி கிளைனின் குரலை எங்கோ ஒருமுறை கேட்டுவிட்டு, அவருடைய பாடல்களை முறையாகக் கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒருவர் முதலில் எதிர்கொள்வது, ஒரே முகத்தையும் ஏறத்தாழ ஒரே பெயரையும் தாங்கி நிற்கும் எண்ணற்ற தொகுப்புகளைத்தான். அமெரிக்கக் கன்ட்ரி இசையின் வரலாற்றில் இவ்வளவு குறைவாகப் பாடி, இவ்வளவு அதிகமாகத் தொகுக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. 1932இல் வர்ஜீனியா மாநிலத்தின் வின்செஸ்டரில் பிறந்த அவர், 1963 மார்ச் 5 அன்று டென்னசியின் கேம்டன் அருகே நடந்த சிறு விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30. வாழ்ந்த காலத்தில் வெளிவந்த ஆல்பங்கள் மூன்று மட்டுமே. அந்தச் சிறிய கையிருப்பிலிருந்து அறுபது ஆண்டுகளாகத் தொகுப்புகளை உருவாக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றுள் எது நம் பணத்துக்கும் நேரத்துக்கும் தகுதியானது என்பதை, அட்டையில் உள்ள தலைப்பைப் பார்த்து அல்ல, உள்ளே இருக்கும் ஒலிப்பதிவுகளின் ஆண்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளக்கிவிட்டால், பிற முடிவுகள் தாமாகவே எளிதாகிவிடும். கிளைன் 1954இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஃபோர் ஸ்டார் என்ற சிறு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த நிறுவனம் பதிப்புரிமை வைத்திருந்த பாடல்களை மட்டுமே அவர் பாட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1955 முதல் 1960 தொடக்கம் வரை அந்தக் கட்டுக்குள் அவர் 51 பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றில் பெரிய வெற்றி பெற்றது 1957இல் வெளிவந்த 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' ஒன்றுதான். ஒப்பந்தம் முடிந்து நேரடியாக டெக்கா நிறுவனத்துக்கு வந்த பிறகு, 1960 நவம்பர் முதல் 1963 பிப்ரவரி வரையிலான இரண்டேகால் ஆண்டுகளில், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் இன்னொரு தொகுதியைப் பாடினார். இன்று உலகம் அவருடைய பெயருடன் சேர்த்து நினைவில் வைத்திருக்கும் பாடல்கள், அந்த ஒன்றைத் தவிர, அனைத்தும் இந்த இரண்டாம் பாதியைச் சேர்ந்தவை. பாடியவர் ஒருவரே, இரு பாதிகளையும் தயாரித்தவரும் ஓவன் பிராட்லி என்ற ஒருவரே. எனினும் பாடல் தேர்வில் கிடைத்த சுதந்திரம் குரலையே மாற்றியது போலத் தோன்றும் அளவுக்கு இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு.

இப்போது தொகுப்புகளுக்கு வருவோம். முதலில் சொல்ல வேண்டியது, 1967இல் டெக்கா வெளியிட்ட 'பாட்ஸி கிளைன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. பிற்காலக் குறுந்தகடுகளில் இதுவே '12 கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயரிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதற்கான டயமண்ட் சான்றிதழைப் பெற்ற இந்த ஆல்பத்தில் 12 பாடல்கள் உள்ளன. முழுவதையும் கேட்டு முடிக்க அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகும். இந்தச் சிறுமையைக் குறையாகக் கருதுகிறவர்கள் உண்டு. நான் அதையே இதன் முதல் தகுதியாகக் கருதுகிறேன். ஏனென்றால் கிளைனின் பாடல்களில் பெரும்பாலானவை மூன்று நிமிடத்துக்குள் முடிபவை. அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு பெண்ணின் முழுத் துயரமும் அடங்கியிருப்பவை. அத்தகைய பாடல்களை ஒரே அமர்வில் நாற்பது ஐம்பது என்று கேட்டால் காது மரத்துப்போகும். பன்னிரண்டு என்பது புதியவர் ஒருவர் ஒரு மாலையில் கேட்டு, மறுநாள் திரும்பவும் கேட்க விரும்பும் அளவு.

பாடல்கள் காலவரிசையில் அமையவில்லை. 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' என்று தொடங்கி, அடுத்து உடனே அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு பதிவு செய்த 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', அதன் பின் 'க்ரேஸி', 'ஐ ஃபால் டு பீசஸ்' என்று செல்கிறது. வரலாற்றை அறிய விரும்புகிறவருக்கு இந்த வரிசை உதவாது. ஆனால் குரலை அறிய விரும்புகிறவருக்கு, தொடக்கத்திலேயே அதன் இரு எல்லைகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது: நள்ளிரவில் நடந்துகொண்டே பாடும் துள்ளல் ஒருபுறம், வயலின் குழுவின் மேல் மெல்ல எழுந்து விரியும் ஏக்கம் மறுபுறம்.

இந்தத் தொகுப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாஷ்வில்லில் பிராட்லி சகோதரர்கள் தங்கள் கட்டடத்தின் பின்புறம், இராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்ட வளைந்த தகரக் கொட்டகை ஒன்றை நிறுவி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஓவன் பிராட்லி, கன்ட்ரி இசையின் அடையாளங்களாக இருந்த ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, ஃப்ளாய்ட் கிரேமரின் பியானோ, பாப் மூரின் பேஸ், பட்டி ஹார்மனின் தாளம், ஜோர்டனேர்ஸ் குழுவின் நால்வர் குரல், தேவைப்பட்ட இடத்தில் வயலின்கள் என்று ஒரு மென்மையான படுக்கையை விரித்தார். நாஷ்வில் சவுண்ட் என்று பிற்காலத்தில் பெயர் பெற்றது இதுதான். கிளைனுக்கு முதலில் இதில் விருப்பம் இல்லை. 1960 நவம்பரில் 'ஐ ஃபால் டு பீசஸ்' பாடலைப் பதிவு செய்தபோது, நான்கு ஆண்களின் குரல் தன் குரலை மூழ்கடித்துவிடும் என்று அஞ்சினார். அப்படி நடக்கவில்லை. அந்தப் பின்னணிக் குரல்கள் தரையைப் போலக் கீழே இருக்க, அவருடைய குரல் அதன் மேல் தனியே நடந்தது. அப்பாடல் பல மாதங்கள் மெல்ல மெல்ல ஏறி, 1961இல் அமெரிக்கக் கன்ட்ரி பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் முதல் இடத்தை அடைந்தது.

அப்பாடல் ஏறிக்கொண்டிருந்த 1961 ஜூன் 14 அன்று, நாஷ்வில்லில் ஒரு கார் விபத்தில் அவர் பலத்த காயமடைந்தார். இரண்டு மாதங்கள் கழித்து, வில்லி நெல்சன் எழுதிய 'க்ரேஸி' பாடலைப் பதிவு செய்ய ஆகஸ்ட் 21 அன்று கூடத்துக்கு வந்தபோது, விலா எலும்புகளின் வலி உயர்ந்த சுரங்களை எட்டவிடவில்லை. பிராட்லி அன்று இசைக் கருவிகளை மட்டும் பதிவு செய்து வைத்துக்கொண்டார். சில வாரங்களுக்குப் பின் கிளைன் திரும்பி வந்து குரலைச் சேர்த்தார். ஒரு வேளைக்கு மூன்று நான்கு பாடல்களை முடிப்பது வழக்கமாக இருந்த நாஷ்வில்லில் இது அரிய பொறுமை. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பாடலைக் கேட்பவர், தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, அவசரமே இல்லாமல் சொற்களை இறக்கி வைக்கும் அந்த முறையை இன்னும் கூர்ந்து கேட்பார். 1967 தொகுப்பில் இப்பாடல் மூன்றாவதாக வருகிறது.

இதே தொகுப்பில் உள்ள 'ஃபேடட் லவ்' பாடலின் இறுதியையும் குறிப்பிடாமல் கடக்க முடியவில்லை. கடைசிச் சொல்லுக்கு முன் அவர் மூச்சை இழுக்கும் ஒலி தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. பிராட்லி அதை நீக்கவில்லை. நல்ல ஒலிபெருக்கியிலோ காதொலிப்பானிலோ அந்த ஒரு கணத்தைக் கேட்டுவிட்டால், இவரை ஏன் இன்றும் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு வேறு விடை தேவைப்படாது.

குறைகளும் உண்டு. முதலாவது, இதில் இருக்கும் 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' 1957இல் நாடெங்கும் ஒலித்த பதிவு அல்ல. 1961 ஆகஸ்டில் 'ஷோகேஸ்' ஆல்பத்துக்காக ஜோர்டனேர்ஸுடன் மீண்டும் பாடியது. 1956 நவம்பரில் பதிவான முதல் வடிவத்தில், கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் குழுவில் வாசித்த டான் ஹெல்ம்ஸின் ஸ்டீல் கிட்டார் குரலுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே செல்லும்; 1957 ஜனவரியில் ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சித் திறன் நிகழ்ச்சியில் இப்பாடலைப் பாடித்தான் அவர் புகழ் பெற்றார். மறுபதிவு மெருகுடையது, ஆனால் முதல் பதிவில் உள்ள துணிச்சல் அதில் ஓரளவு அடங்கிவிட்டது. எனக்கு முதல் பதிவே பிடிக்கும். இரண்டாவது குறை, 1962இல் கன்ட்ரி பட்டியலின் முதல் பத்துக்குள் வந்த 'வென் ஐ கெட் த்ரூ வித் யூ' இதில் இல்லை. அதற்குப் பதிலாக 'ஸ்ட்ரேஞ்ச்', 'வை கான்ட் ஹி பி யூ' போன்ற, இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்த பாடல்கள் இடம்பெற்றுள்ளன. கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்ற பெயருக்கு இது பொருந்தாது என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்லலாம். 'வை கான்ட் ஹி பி யூ' பாடலை ஒருமுறை கேட்ட பின் அந்தக் கணக்கை நான் விட்டுவிட்டேன்.

அடுத்து, அவர் இறந்த 1963ஆம் ஆண்டிலேயே டெக்கா வெளியிட்ட 'தி பாட்ஸி கிளைன் ஸ்டோரி'. இரண்டு இசைத்தட்டுகளில் 24 பாடல்கள் கொண்ட இது, வெற்றிப் பாடல்களோடு ஆல்பங்களில் மட்டும் இருந்த சிலவற்றையும் சேர்த்துத் தருகிறது. பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்களுக்கு இது ஒரு நல்ல பொருள். மற்றவர்களுக்கு, 1967 தொகுப்பின் செறிவும் இல்லாமல் முழுத் தொகுப்பின் நிறைவும் இல்லாமல் இடைநிலையில் நிற்கிறது என்பதைத் தவிர இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை.

1967 தொகுப்புக்கு உண்மையான போட்டி, 2010இல் ஹிப்-ஓ செலக்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்வீட் ட்ரீம்ஸ்: தி கம்ப்ளீட் டெக்கா ஸ்டூடியோ மாஸ்டர்ஸ்' என்ற இரண்டு குறுந்தகடுத் தொகுப்புதான். 1960 முதல் 1963 வரை டெக்காவுக்காக அவர் கூடத்தில் பதிவு செய்த 51 பாடல்களும் இதில் உள்ளன. 1967 தொகுப்பில் இருக்கும் அனைத்தும் இதில் இருப்பதோடு, அதில் விடுபட்ட 'வென் ஐ கெட் த்ரூ வித் யூ'வும் கிடைக்கிறது. ஆனால் இதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. கிளைன் கன்ட்ரி பாடகியாக மட்டும் தம்மை நினைத்துக்கொள்ளவில்லை என்பதை இந்த 51 பாடல்களைக் கேட்டால்தான் உணர முடியும். இர்விங் பெர்லினின் 'ஆல்வேஸ்', கோல் போர்ட்டரின் 'ட்ரூ லவ்' போன்ற, நியூயார்க்கின் புகழ்பெற்ற பாடலாசிரியர்கள் எழுதிய பாடல்களும், பாப் வில்ஸின் 'சான் அன்டோனியோ ரோஸ்', ஹாங்க் வில்லியம்ஸின் 'யுவர் சீட்டின் ஹார்ட்', பில் மன்ரோவின் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி' போன்ற, தெற்கின் நடன அரங்குகளிலிருந்தும் வானொலி மேடைகளிலிருந்தும் வந்தவையும் ஒரே குரலில் அடுத்தடுத்து வருகின்றன. இவை அனைத்தையும் அவர் ஒரே மதிப்புடன் பாடுகிறார். எதையும் தமக்குக் கீழானதாகவோ தம் எல்லைக்கு அப்பாற்பட்டதாகவோ நினைத்துப் பாடவில்லை. 1963 பிப்ரவரி 4 முதல் நான்கு நாள்கள் நடந்த கடைசி அமர்வுகளின் பாடல்களை ஒரே மூச்சில் கேட்கும்போது, குரல் அதன் உச்சத்தில் இருந்தது என்பதும், அதற்கு மேல் இன்னும் படிகள் இருந்தன என்பதும் மனத்தை வருத்தும் அளவுக்குத் தெளிவாகிறது.

அப்படியானால் இதையே முதலில் வாங்கலாமே என்ற கேள்வி எழும். விலை ஒரு காரணம் என்றாலும், அது முதன்மையான காரணம் அல்ல. 51 பாடல்களில் சில சாதாரணமானவை; ஆல்பத்தை நிரப்பப் பாடியவை. கிளைனை ஏற்கெனவே நேசிப்பவர் அவற்றையும் பொறுமையாகக் கேட்பார். புதியவர் ஏழெட்டுப் பாடல்களுக்குப் பின் கவனத்தை இழக்கக்கூடும். ஆகவே இது இரண்டாவதாக வாங்க வேண்டிய தொகுப்பு என்பதே என் முடிவு. இரண்டாவதாக வேறெதையும் கருத்தில் கொள்ள வேண்டாம்.

1991இல் எம்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 'தி பாட்ஸி கிளைன் கலெக்ஷன்' நான்கு குறுந்தகடுகளில் 104 பதிவுகளைக் கொண்டது. ஃபோர் ஸ்டார் காலப் பாடல்களும் வானொலிக்காகப் பாடியவையும் டெக்கா காலத்தவையும் காலவரிசையில் வருகின்றன. ஒரு பாடகி எப்படி உருவானார் என்பதை அறிய இதற்கு நிகர் இல்லை. முதல் குறுந்தகட்டில் ஹாங்கி டாங்க் மதுக்கடைப் பாணியில் குரலை உயர்த்திப் பாடும் இளம்பெண், கடைசிக் குறுந்தகட்டில் கிட்டத்தட்டக் காதில் சொல்வது போலப் பாடும் கலைஞராக மாறியிருப்பதை, படிப்படியாக, நம் கண்முன் நடப்பதைப் போலக் கேட்கலாம். இடையிடையே 'த்ரீ சிகரெட்ஸ் இன் அன் ஆஷ்ட்ரே', 'ஜஸ்ட் அவுட் ஆஃப் ரீச்' போன்ற, ஃபோர் ஸ்டார் காலத்தின் உண்மையான நல்ல பாடல்கள் எதிர்ப்படும். ஆனால் இது மெதுவாக, பல வாரங்களில் கேட்க வேண்டிய தொகுப்பு. பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள், பெறுகிறவருக்கு அந்த அளவு ஈடுபாடு இருக்கிறதா என்பதை அறிந்த பின் கொடுப்பது நல்லது.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது மலிவுத் தொகுப்புகளில். ஃபோர் ஸ்டார் காலப் பதிவுகளின் உரிமை பிற்காலத்தில் பல நிறுவனங்களுக்குக் கைமாறிக் கைமாறிச் சென்றதால், அதே 51 பாடல்களிலிருந்து பத்தையோ இருபதையோ எடுத்து, பிற்காலத்துப் படம் ஒன்றை அட்டையில் இட்டு, சிறந்த பாடல்கள் என்ற தலைப்பில் விற்பது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. நானே முதலில் வாங்கியது அத்தகைய ஒன்றைத்தான். 'க்ரேஸி' அதில் இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல் வாங்கி, முதல் பாடலைத் தவிர மற்றவற்றில் மனம் ஒன்றாமல், இவருடைய புகழ் மிகைப்படுத்தப்பட்டது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவுகளின் மேல் குற்றமில்லை. தவறான வாசல் வழியாக நுழைந்தேன் என்பதுதான் உண்மை. பாடல் பட்டியலில் 'எ சர்ச், எ கோர்ட்ரூம், தென் குட்பை', 'ஹைடின் அவுட்', 'ஹாங்கி டாங்க் மெர்ரி கோ ரவுண்ட்' போன்ற பெயர்கள் நிறைந்து, 'ஷீஸ் காட் யூ'வும் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'உம் இல்லை என்றால், அது முதல் பாதியைச் சேர்ந்தது என்று உறுதியாகக் கொள்ளலாம். இணையவழி இசைச் செயலிகளிலும் இந்தச் சோதனை பயன்படும்.

ஐரோப்பாவில் வெளியாகும் பெரிய மலிவுத் தொகுப்புகள் வேறு வகை. அங்கே 1962 முடிய வெளியான ஒலிப்பதிவுகள் ஐம்பது ஆண்டுக் காப்புக் காலம் கடந்து பொதுவுடைமையாகிவிட்டன. பின்னர் அந்தக் காலம் எழுபது ஆண்டாக நீட்டிக்கப்பட்டபோது, ஏற்கெனவே விடுபட்டவை மீண்டும் காப்புக்குள் வரவில்லை. அதனால் அந்தத் தொகுப்புகளில் 'க்ரேஸி'யும் 'ஐ ஃபால் டு பீசஸ்'உம் இருக்கும். 1963இல் வெளிவந்த 'லீவிங் ஆன் யுவர் மைண்ட்', 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', 'ஃபேடட் லவ்', 'பேக் இன் பேபீஸ் ஆர்ம்ஸ்' ஆகியவை பெரும்பாலும் இருக்காது. மேலே நான் மிகவும் உயர்த்திச் சொன்ன கடைசி அமர்வுகள் அப்படியே விடுபட்டுப்போகும். எழுபது எண்பது பாடல்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன என்று மகிழ்வதற்கு முன், இந்த இழப்பையும் எடைபோட வேண்டும்.

இன்னொரு வகையை முற்றிலும் ஒதுக்கிவிடுமாறு கேட்டுக்கொள்வேன்: குரலை மட்டும் வைத்துக்கொண்டு பின்னணி இசையை மாற்றியவை. 1980இல் வந்த 'ஆல்வேஸ்' ஆல்பம் அப்படிப்பட்டது. கிளைனின் வாழ்க்கையைச் சொல்லும், ஜெசிகா லாங் நடித்த 1985ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் இசைத்தட்டும் அப்படிப்பட்டதே. கிளைனின் பழைய குரலுக்குக் கீழே புதிய இசை வாசிக்கப்பட்டது. 1964இல் தாமும் விமான விபத்தில் இறந்த கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸுடன் சேர்ந்து பாடுவது போல 1981இல் உருவாக்கப்பட்ட இணைப்பாடல்களும் உண்டு. இருவரும் உயிரோடிருந்தபோது ஒருபோதும் சேர்ந்து பதிவு செய்ததில்லை. இவற்றில் சிலவற்றைச் செய்தவர் ஓவன் பிராட்லியேதான் என்பதால் அக்கறையின்மை என்று குற்றம் சாட்ட முடியாது. ஆனால் 1961இல் அந்தத் தகரக் கொட்டகைக்குள், ஒரே அறையில், ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து வாசித்தவர்களின் இசையைக் கழற்றிவிட்டால், அந்தக் குரல் எதன் மேல் சாய்ந்து பாடியதோ அது போய்விடுகிறது. 'ஐ ஃபால் டு பீசஸ்' பாடலில் ஓவனின் தம்பி ஹெரல்ட் பிராட்லியின் ஆறு நரம்பு பேஸ் டிக்-டிக் என்று நடப்பதை ஒருமுறை கவனித்துக் கேட்டவர், அது இல்லாத வடிவத்தை ஏற்க மாட்டார்.

ஆகவே ஒரே ஒரு தொகுப்பு மட்டும் வாங்க முடியும் என்றால் 1967ஆம் ஆண்டின் 12 பாடல்களை வாங்குங்கள். அதோடு 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' பாடலின் 1956ஆம் ஆண்டுப் பதிவைத் தனியே தேடிக் கேளுங்கள். ஒரு மாதம் கழித்தும் 'ஷீஸ் காட் யூ' மனத்தில் ஓடிக்கொண்டிருந்தால் 2010ஆம் ஆண்டின் டெக்கா தொகுப்புக்குச் செல்லுங்கள். அதன் இரண்டாவது குறுந்தகட்டின் பிற்பகுதியில் வரும் 1963 பிப்ரவரிப் பாடல்களை வேறு வேலை எதுவும் இல்லாத ஓர் இரவுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.